பத்தரை மணித் தேர்வும் பழுதான டச்பேடும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த விஜயதசமி அன்று காலை ஆறரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து விரலை வைத்தேன் பாருங்கள், அது மூக்கையும் தாண்டி வெளியே வந்துவிட்டது.

அம்புக்குறி நகர்கிறது, நகராமல் இல்லை. ஆனால் போகிற வழியெல்லாம் நீல நிறத்தைப் பூசிக்கொண்டே போகிறது. எதன்மேல் போனாலும் அதைக் கவ்விக்கொள்கிறது. என் மகள் கல்லூரியில் பட்டம் வாங்கிய படம் ஒன்று திரையில் இருந்தது. அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டது. டச்பேடை யாரோ விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அழுத்தவே இல்லை. விட்டால் போதும் என்று விரலை எடுத்தாலும் அது விடுவதாக இல்லை.

வேறு நாளாக இருந்தால் மூடி வைத்துவிட்டு இட்லி ஊற்றப் போயிருப்பேன். அன்றைக்குப் பத்தரைக்கு எனக்குத் தேர்வு. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் எழுத்தாக மாற்றி வைக்கும் ஒரு நிறுவனம். வீட்டிலிருந்தே பிழை பார்க்க ஆள் தேடினார்கள். திரையில் இடது பக்கம் பழைய பக்கத்தின் படம், வலது பக்கம் எழுத்து. எங்கே தப்போ அந்தச் சொல்லின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்தித் திருத்த வேண்டும். ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு வாய்ப்பு. அதற்காக ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தேன். அவர்கள் இருக்கிற ஊரில் விஜயதசமியாவது ஒன்றாவது.

தமிழ் இலக்கியம் படித்தவள் நான். படித்து முடித்த வருடமே கல்யாணம். அதற்குப் பிறகு இருபத்துநான்கு வருடமாக யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம்போல ஆகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு வேலை என் பெயரைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. அது கையை விட்டுப் போகக் கூடாது. எனக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக எதையும் நான் கேட்டதில்லை.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், பூஜைக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த லேப்டாப்பும் அவள் பழசென்று விட்டுவிட்டுப் போனதுதான்.

"ரீஸ்டார்ட் பண்ணுனியாம்மா?"

"பண்ணுனேன்."

"இன்னொரு தடவ பண்ணு."

"ஏண்டி, மூணு தடவ பண்ணியாச்சு. இதுக்கு மேல பண்ணுனா அதுக்கே கிறுக்குப் பிடிச்சிரும்."

"அப்ப பேசாம ஒரு மவுஸ் வாங்கி மாட்டு. டச்பேட ஆஃப் பண்ணிரலாம்."

"மவுஸுக்கு எங்க போவேன்? நேத்து ஆயுத பூஜை. ஒத்தக்கடை பஜார் பூராம் ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு, ரோட்டுல பூசணிக்காயா ஒடச்சுப் போட்டிருக்காய்ங்க. பதினோரு மணிக்கு முன்ன ஒருத்தனும் தெறக்க மாட்டான். மாடியில குடியிருக்க காலேஜ் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருச்சுக."

பேட்டரி உப்பினாலும் இப்படி ஆகுமாம். உள்ளே இருந்து டச்பேடை மேலே தள்ளுமாம். "அப்பாவப் பாக்கச் சொல்லும்மா. உப்பியிருந்தா தொடவே தொடாதீங்க, சார்ஜும் போடாதீங்க" என்றாள்.

அவளுடைய அப்பா லேத் பட்டறைக்காரர். வீட்டை ஒட்டிப் போட்ட ஷெட்டில்தான் மெஷின். இரும்பைக் கடைந்து போல்ட்டோ புஷ்ஷோ செய்து கொடுப்பார். எங்கள் வீட்டில் மிக்ஸியின் சத்தம் ஒரு சுருதி மாறினால் போதும், சட்னி அரைபடுவதற்கு முன்னால் அதைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றியிருப்பார். மெஷின் என்று பிறந்த எதைப் பார்த்தும் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் காபி டம்ளரோடு கதவருகில் நின்றுகொண்டு, என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மசமசன்னு நிக்கிறீங்க? வந்து பாருங்க."

"அது எலக்ட்ரானிக்ஸாச்சே. அதுல எனக்கென்ன தெரியும்?" என்றார்.

பத்து நிமிடம் கழித்து வேறு ஒன்றைச் சொன்னார். "பூஜையில வச்ச பொருள, மறுபூஜை போடாம எடுத்துட்ட. அதான் மக்கர் பண்ணுது."

அந்த இடத்தில் நான் கத்திய கத்தலை ஊருக்கு வெளியே இருக்கிற ஆனைமலையில் நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் மத்தியானம் அவர் ஷெட்டைக் கழுவிவிட்டு, ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், அளவு பார்க்கும் சாமான் எல்லாவற்றையும் துடைத்து ஒரு பலகையில் வரிசையாக அடுக்குவார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பெரிய மெஷினில் சக் என்று ஒன்று உண்டு, கடைய வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வாய். அதற்குத்தான் முதல் பொட்டு. வேலை நடக்கிற இடம் அதுதான் என்பார். பூஜை போட்டுவிட்டால், மறுநாள் மறுபூஜை போடும்வரை எதையும் எடுக்கக் கூடாது. விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து மெஷினை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். காய்ச்சல் அடித்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் ஓட்டிவிட்டு வந்து படுப்பார். மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை மங்கி எழும். இப்போது கூடவே வைஃபை பெட்டியும் அணைந்து எழுகிறது.

கல்யாணமான முதல் வருடம் நான் என் அகராதியைக் கொண்டுபோய் அந்தப் பலகையில் வைத்தேன். செங்கல் கனம் இருக்கும், கல்லூரியில் பரிசாக வாங்கியது. "இத இனிமே யாரு படிக்கப் போறா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, சும்மா கேட்டார். ஸ்பேனருக்கு இடம் பற்றவில்லை என்று பார்த்திருப்பார். நான் எடுத்துக்கொண்டு போய்ப் பரணில் போட்டேன். அதற்குப் பிறகு நான் எதையும் அந்தப் பலகையில் வைத்ததே இல்லை. கிரைண்டருக்குப் பொட்டு வைப்போம், அரிவாள்மனைக்கு வைப்போம். அவை வீட்டுச் சாமான்கள். என்னுடையது என்று ஒன்றும் அங்கே இருந்ததில்லை. இதை நான் அவரிடம் சொன்னதும் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கத்துகிறவள் இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

இந்த வருடம் அவராகவே லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பலகையில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்திருந்தார். வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த கையோடு எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரக் கையோட தொடாதீங்க, தண்ணி உள்ள போனா அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன்.

சரி, காலைச் சண்டைக்கு வருகிறேன். ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள் என்றால், "மறுபூஜை போடணும்ல" என்கிறார். போடுங்கள் என்றால், நாள்காட்டியைக் காட்டி, "பத்தே முக்காலுக்குத்தான் நல்ல நேரம்" என்கிறார்.

"பத்தரைக்கு எனக்குப் பரீட்சைங்க! உங்க நல்ல நேரம் வந்து யாருக்கு? எனக்கு இது போச்சுன்னா போச்சு. மறுபடி கூப்பிட மாட்டாங்க."

குரல் உடைந்துவிட்டது. என் கத்தலுக்குப் பழகிய மனிதர், அழுகைக்குப் பழகவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குப் போய்ச் சூடத்தைக் கொளுத்தி, எட்டு மணிக்கே மறுபூஜையைப் போட்டுவிட்டார். "டூல எடுத்துக்கிறேன். மெஷின மட்டும் பத்தே முக்காலுக்கு ஓட்டிக்கிருவோம்" என்று சாமியிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாமல் சொன்னார்.

வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக சார்ஜர் வயரைப் பிடுங்கி லேப்டாப்பை அணைத்தார். "மெயின் ஆஃப் பண்ணாம எந்த மெஷின்லயும் கை வைக்கக் கூடாது." பிறகு அதைத் தரையில் வைத்து நாலு மூலையிலும் லேசாகத் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, அதன் ஓரத்தை டச்பேடின் மேல் நிறுத்தி வைத்து, அந்தப் பக்கம் டார்ச் அடித்து, இந்தப் பக்கம் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஸ்கேலுக்கும் பேடுக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறாராம். இரும்பில் மேடு பள்ளம் பார்ப்பது இப்படித்தான்.

"உப்பல" என்றார். "மேல தூக்கவே இல்ல. கீழ் ஓரம் ஒரு முடி அளவுக்குத் தாழ்ந்து நிக்குது. இங்கிட்டு, இந்த எடது மூலையில. கீழ போயி மாட்டிக்கிட்டு மேல வர மாட்டேங்குது."

அப்போதாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பயந்துவிட்டார், பாவம், எனக்காக அவ்வளவு கவலை என்று நினைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதற்கும் ஒரு மாதிரி நெளிந்தார்.

ஃபீலர் கேஜ் என்று ஒன்று வைத்திருக்கிறார். விசிறிபோல விரியும், காகிதத்தைவிட மெல்லிய எஃகுத் தகடுகள். இரண்டு இரும்புக்கு நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று அதை நுழைத்துத்தான் பார்ப்பார். அதில் இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்து, டச்பேடைச் சுற்றியிருக்கும் சந்தில் மேல் பக்கத்தில் இருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. கீழே வந்ததும் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள் எடுப்பதுபோல, முன்னும் பின்னும் அசைத்தார். தகட்டின் நுனியில் மஞ்சளாக ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு முறை விட்டு எடுத்தார். காய்ந்த பக்கு ஒன்று உதிர்ந்தது, அதன் ஓரத்தில் லேசாகச் சிவப்பு.

எனக்குக் கண்ணைவிட மூக்கு முந்திக்கொண்டது. சந்தன வாசனை.

"இதுக்குள்ள சந்தனம் எப்பிடிங்க போச்சு?"

தகட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க?"

"நாந்தான்" என்றார். "மூடி மேல வச்சது சும்மா ஊருக்கு. மெஷினுக்குச் சக்குல வைப்போம்ல, வேல நடக்குற எடத்துல. ஒனக்கு எது வேல நடக்குற எடம்னு யோசிச்சேன். ஒரு மாசமா பாக்குறேன், ஒன் வெரலு இந்தச் சதுரத்துலதான் ஓடிக்கிட்டே கெடக்கு. தெறந்து அது மேல வச்சேன். கொஞ்சம் பெருசாவே வச்சுட்டேன்."

"நான் காலையில தெறக்கயில பொட்டே இல்லையே?"

"சாயங்காலம் நெனப்பு வந்துச்சு, ஈரக் கையோட தொடாதீங்கன்னு நீ சொன்னது. பதறிப்போயி ஈரத் துணிய வச்சுத் தொடச்சுட்டேன்."

"ஈரக் கை ஆகாதுன்னு ஈரத் துணியா!"

"அதான்... கரைஞ்சு சந்துக்குள்ள எறங்கிக் காஞ்சு போச்சு போல." தலையைத் தூக்கவில்லை. "காலையிலயே எனக்குத் தெரியும். நீ போட்ட சத்தத்துல சொல்ல வாய் வரல."

ஒருகோடித் திட்டு என் தொண்டை வரை வந்து நின்றது. காலை ஆறரையிலிருந்து என் உயிரை வாங்கியது இந்த மனிதரின் இரண்டு விரல் சந்தனம். மறுபூஜை போடாததால் மக்கர் என்று பழியை வேறு என்மேல் போட்டார்! வாயைத் திறந்தேன். ஒரு மாதமாகப் பார்க்கிறேன் என்றாரே, அந்தச் சொல் குறுக்கே வந்து நின்றுகொண்டது. நான் தோசை சுட்டதையும் துணி மடித்ததையும் இருபத்துநான்கு வருடமாக எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். என் விரல் எங்கே ஓடுகிறது என்று ஒருத்தர் உட்கார்ந்து பார்த்ததை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அழுதேன். கோபத்தில் வரும் அழுகை இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும், இது வேறு.

அவர் பயந்துபோய், "இந்தா, சரி பண்ணிருவேன், அழுகாத" என்று மறுபடியும் தகட்டை எடுத்தார். புது பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன், அவர் சந்து சந்தாகப் பிரஷ்ஷை ஓட்டினார். மஞ்சள் பொடி தரையில் விரித்த செய்தித்தாளில் கோடாக விழுந்தது. இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும்படி உட்கார்ந்து அதைச் செய்தோம். ஒன்பதே முக்காலுக்கு அவர் கட்டைவிரலால் இடது மூலையை மெதுவாக அழுத்திவிட்டார். டிக் என்று ஒரு சத்தம். மேலே வந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டோம். அம்புக்குறி யாரையும் கவ்வாமல், எதையும் நீலமாக்காமல், சாதுவாக நகர்ந்தது. முதல் வேலையாக மகளின் படத்தைக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டேன். போன் போட்டுச் சொன்னதற்கு அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "அப்பாவ மன்னிச்சு விட்டுரும்மா" என்றாள்.

"மன்னிக்கவா? பரீட்சை முடியட்டும், இருக்கு அவருக்கு" என்றேன். அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பத்தே காலுக்கு நான் மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போகாமல் நின்றார். கையைப் பிசைந்தார்.

"என்னங்க?"

"வச்ச பொட்ட பூராம் சொரண்டி எடுத்துட்டோம். நல்ல நாளும் அதுவுமா வெறும் மெஷின்ல வேலைய ஆரம்பிக்கிற."

மனதில் குறையோடு அவரை அனுப்ப முடியாது, லேப்டாப் பக்கம் சந்தனத்தை இனி விடவும் முடியாது. என் ஆள்காட்டி விரலை நீட்டினேன். "அதுல வேணாம். இதுல வைங்க. உள்பக்கம் இல்ல, நகத்து மேல. அதுவும் பொட்டளவுக்கு."

கிண்ணத்தை எடுத்து வந்து, ஊசியில் நூல் கோர்க்கிறவர்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நகத்தின் நடுவில் ஒரு புள்ளி சந்தனம், அதன்மேல் குங்குமம் வைத்தார். விசிறிக் காயவைத்துவிட்டுத்தான் கையை விட்டார்.

தேர்வு தொடங்கியது. முதல் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு லகரம் ளகரமாகியிருந்ததைப் பிடித்ததும் வேகம் வந்துவிட்டது. அந்த மஞ்சள் புள்ளி சதுரத்தின் மேல் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. முடித்து அனுப்பியபோது மணி பன்னிரண்டு. முடிவு நாலு நாள் கழித்து வந்தது, எடுத்துக்கொண்டார்கள். இதை எழுதுகிற இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

அன்றைக்குத் தேர்வு முடிந்து லேப்டாப்பை மூடியபோதுதான் சுருக்கென்றது. பத்தே முக்கால்! மெஷின் ஓடினால் வைஃபை அணையுமே, தேர்வு பாதியில் அறுந்திருக்குமே. அதை அவரிடம் சொல்லி வைக்கவே காலைச் சண்டையில் மறந்துபோயிருந்தேன். ஆனால் விளக்கு ஒருமுறைகூட மங்கவில்லை.

ஷெட்டுக்கு ஓடினேன். மெஷினுக்குப் போட்ட மாலை அப்படியே இருந்தது. சக்கில் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அவர் முக்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே இருந்த ஃபேனைக்கூடப் போடவில்லை.

"என்னங்க, மெஷின ஓட்டலையா?"

"ஒன் பரீட்சை அந்து போகும்ல."

"நல்ல நேரம் முடிஞ்சு போச்சே! ஒரு வருசங்கூட விட்டதில்லையே நீங்க."

"இந்த வருசமும் விடல" என்றார். "பத்தே முக்காலுக்கு நம்ம வீட்டுல வேல ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு?"

வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ. அவர் பக்கத்தில் போய், வேர்த்திருந்த அந்தத் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து மாலையைக் கழற்றினார். சுவரில் இருந்த சுவிட்சைக் காட்டி, "நீயே போடு" என்றார். இத்தனை வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை. பொட்டு வைத்த விரலாலேயே போட்டேன். விளக்கு மங்கி எழுந்தது. வீட்டுக்குள் வைஃபை பெட்டி அணைந்திருக்கும். அணைந்தால் அணையட்டும் என்று மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.